நாக்கு உள்ளூர், பாஸ்போர்ட் வெளியூர்: பாலக்காட்டில் முதுகுப்பையோடு

பாலக்காட்டில் எனக்குக் கிடைத்த பெரிய வசதியும் பெரிய தொல்லையும் ஒன்றேதான். வாயைத் திறந்தால் தமிழ் வருகிறது, பையைத் திறந்தால் மலேசியப் பாஸ்போர்ட் வருகிறது. வெள்ளைக்காரப் பயணி வந்தால் எந்தக் கவுண்டரிலும் யாருக்கும் குழப்பமில்லை. என்னைப் போன்றவர்கள் வந்தால்தான் சிக்கல். முகம் பக்கத்து ஊர், பேச்சு பக்கத்து மாநிலம், காகிதம் கடல் தாண்டியது.

சொந்த ஊர் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி. இப்போது மாணவர் விசாவில் கோவையில் முதுகலை படிக்கிறேன். வார விடுமுறை வந்தால் விடுதியில் இருக்கப் பிடிக்காது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாலக்காட்டைச் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். "அங்க என்ன இருக்கு? கொச்சிக்குப் போற வழி" என்றார்கள். கோவையிலிருந்து 50 கிலோமீட்டர்தான், உக்கடத்தில் பஸ் ஏறினால் வாளையாறு தாண்டி இறங்கிவிடலாம். வழியில் இருக்கும் ஊர் என்பதாலேயே யாரும் அங்கே தங்குவதில்லை. எனக்கு அது போதுமான காரணமாகப் பட்டது.

முதலில் தங்குமிடக் கதை. போனில் ஒரு லாட்ஜுக்கு அழைத்து ரூம் கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். தனியாக வரும் பெண் என்றேன், அதற்கும் சரி என்றார்கள். போய் நின்று பாஸ்போர்ட்டை நீட்டியதும் கவுண்டரில் இருந்த அண்ணன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "போன்ல தமிழ்ல பேசினீங்களே?" என்று கேட்டார். நான் ஏதோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். 'சி ஃபார்ம்' என்றால்தான் லாட்ஜ்காரர்களுக்குப் புரியும். அதற்கு லாட்ஜ் தனியாகப் பதிவு செய்து லாகின் வாங்கி வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்கூட வராத சின்ன லாட்ஜுகள் அந்த வேலைக்கே போவதில்லை. தெரிவிக்காமல் தங்கவைத்தால் வம்பு அவர்களுக்கு. அதனால் அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. அவரே ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, ஒலவக்கோட்டில் ஸ்டேஷன் பக்கம் இன்னொரு இடத்துக்கு போன் போட்டு, "ஒரு மலேசியாக்காரி வருது, தமிழ் பேசும், ஆனா ஃபாரினர்" என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாக்கியத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எந்த ஊருக்கு அழைத்தாலும் ரூம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னாலேயே, "மலேசியப் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். ஆன்லைனில் பணம் கட்டி முன்பதிவு செய்தாலும் இதைக் கேட்காமல் கட்டுவதில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் செட்டுகள் இருக்கும். படம் உள்ள பக்கம், விசா, குடிநுழைவு முத்திரை, அப்புறம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் கொடுத்த காகிதம். விசா 180 நாளுக்கு மேல் என்றால் பொதுவாக வந்த 14 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அந்தக் காகிதத்தைக் காட்டினால் கவுண்டரில் பாதிப் பேச்சு குறைந்துவிடும். உறையைப் பையின் மேல் அறையில் வையுங்கள். நடுச் சாலையில் துணிகளைக் கொட்டி அதைத் தேடும் காட்சி பார்க்க நன்றாக இருக்காது.

பணத்துக்கும் இதே கதைதான். டீக்கடையில்கூட கியூ.ஆர் அட்டை ஒட்டியிருக்கும் நாடு இது. மலேசிய வங்கி அட்டையை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் என்.ஆர்.ஓ என்ற ரூபாய்க் கணக்கு திறக்கலாம். அது கைக்கு வரும்வரை நோட்டுதான் கதி, அதிலும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள். ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மலேசிய வங்கி அனுப்பும் ஓ.டி.பி எண் அந்த சிம்முக்குத்தான் வரும்.

கோட்டைக்கு வருவோம். 1766இல் ஹைதர் அலி கட்டியது. சுற்றிலும் அகழி, உள்ளே ஓர் ஆஞ்சநேயர் கோயில். எனக்கு மதிலை விட அதைச் சுற்றி நடக்கும் ஊர் மக்களைத்தான் பிடித்தது. காலையிலும் மாலையிலும் பாலக்காடே அங்கே நடைப்பயிற்சிக்கு வந்துவிடும் போலிருக்கிறது. தொல்லியல் துறையின் கட்டணமுள்ள இடங்களில் வெளிநாட்டவர் விலை வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தியர்களுக்கு 25 ரூபாய் என்றால் நமக்கு 300. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய சார்க் கூட்டமைப்பு நாட்டவர்களுக்கு இந்தியர் விலைதான். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ அட்டை இருந்தாலும் இந்தியர் விலை. மலேசியத் தமிழர்களில் பலருக்கு அந்த அட்டை கிடைக்காததற்குக் காரணம், கப்பல் ஏறிய கொள்ளுத்தாத்தாவின் காகிதம் எதுவும் வீட்டில் இல்லாததுதான். எங்கள் வீட்டிலும் இல்லை. பேசாமல் தமிழில் கேட்டு இந்தியர் சீட்டு வாங்கிவிடலாமே என்று தோழிகள் சொல்வார்கள். வாங்கிவிடலாம்தான். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவள் அரசாங்க வாசலில் பொய் சொல்லி மிச்சம் பிடிக்கும் காசு எனக்கு வேண்டாம்.

கோட்டை மைதானத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஒற்றப்பாலத்துக்காரர். பாதி மலையாளம், பாதி தமிழ். மலேசியா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க பெரிய மாமா மலாயாவுல ரப்பர் எஸ்டேட்டுல கிராணியா இருந்தாரு" என்றார். எங்கள் தோட்டத்துக் கதைகளில் கிராணி என்றால் யார் என்று மலேசியத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஆள் வரிசையாக நிற்க, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதும் எழுத்தர். அவர் பேனா நின்றால் அன்றைய கூலி நின்றது. அந்த வேலையில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்துக்காரர்களும்தான் அதிகம் இருந்தார்கள். பால் மரம் வெட்டியது, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுத்தது, எங்கள் ஆட்கள். "எங்க கொள்ளுத்தாத்தா அந்தப் புத்தகத்துல பேர் இருந்தவரு தாத்தா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "மாமா அங்க நல்லவரா இருந்தாரா கெட்டவரா இருந்தாரான்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்லை" என்றார். டீக்குக் காசு கொடுக்க நானும் அவரும் போட்டி போட்டோம். அவர் ஜெயித்தார்.

பஸ் விஷயம் தெரியாமல் இந்த ஊரில் சுற்ற முடியாது. ஒரே ஒரு பஸ் ஸ்டாண்டு என்று நினைத்து வராதீர்கள். கேரள அரசுப் பஸ்களின் கே.எஸ்.ஆர்.டி.சி ஸ்டாண்டு தனி, ஸ்டேடியம் ஸ்டாண்டு தனி, டவுன் ஸ்டாண்டு தனி. கோவைக்கு கே.எஸ்.ஆர்.டி.சி, பொள்ளாச்சி, சித்தூர் திசைக்கு ஸ்டேடியம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன் (இது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல). ரயிலும் அப்படித்தான். பெரிய ஸ்டேஷனான பாலக்காடு ஜங்ஷன் ஒலவக்கோட்டில் இருக்கிறது, ஊருக்குள் இருப்பது டவுன் ஸ்டேஷன். கோவையிலிருந்து ரயிலில் வந்தால் வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் காட்டுக்குள் வண்டி மெதுவாகும். சிக்னல் கோளாறு என்று நினைத்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். தண்டவாளத்தில் யானைகள் அடிபட்டுச் செத்த இடம் அது, அதற்காகத்தான் வேகக் கட்டுப்பாடு.

உள்ளூர்த் தனியார் பஸ்களில் போர்டு பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். நாம் தமிழ் பேசிச் சமாளித்துவிடுவோம் என்ற தைரியம் அங்கே உடைந்துபோகும். நான் செய்தது இதுதான்: போன் வரைபடத்தில் மொழியை மலையாளத்துக்கு மாற்றி, போக வேண்டிய ஊரின் பெயரைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வரும் போர்டோடு ஒப்பிட்டேன். கோயில் கல்வெட்டில் கிரந்த எழுத்துப் பார்த்த கண்ணுக்கு சில எழுத்துகள் சீக்கிரம் பிடிபடும். ஏறும்போது பெண்கள் முன்வாசல், முன் இருக்கைகள் பெண்களுக்கு. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், சில்லறையாகக் கொடுத்தால் கண்டக்டர் சேட்டன் நம் பக்கம். முதுகுப்பையை மட்டும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த வண்டிகள் வளைவில் திரும்பும் வேகத்தில் பை அடுத்தவர் முகத்தில்தான் போய் இடிக்கும்.

கல்பாத்தி பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதனால் சுருக்கமாக. ஆற்றங்கரையில் அக்ரகாரம், வரிசை வீடுகள், வாசலில் கோலம், 1425 வாக்கில் எழுந்ததாகச் சொல்லப்படும் விசுவநாதர் கோயில். நவம்பர் மாதத்தில் தேர். தேர் நாட்களில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். மற்ற நாட்களில் தெரு காலியாக இருக்கும், வீட்டுத் திண்ணையிலேயே அப்பளமும் வடாமும் விற்பார்கள். அது அவர்கள் குடியிருக்கும் தெரு. ஜன்னலுக்குள் போனை நீட்டிப் படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது.

ராமசேரி இட்லிக்காகவே ஒரு காலை ஒதுக்கினேன். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி எலப்புள்ளிப் பாறையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928இல் பிறந்த ஊர் எலப்புள்ளி. கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவியதும் அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். வானொலியில் அவர் பாட்டு வந்தால் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு நிற்கும் ஆள் அம்மா.

ராமசேரியில் இந்த இட்லி செய்யும் குடும்பங்கள் சில மட்டுமே. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார்கள் என்று சொல்கிறார்கள். விறகடுப்பில் மண் பானை, அதற்குள் தண்ணீர் கொதிக்கிறது. பானை வாய்க்கு மேல் ஒரு மண் வளையம். அந்த வளையத்தின் குறுக்கே நூலை இழுத்து வலை மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். வலைக்கு மேல் ஈரத்துணி, துணிக்கு மேல் ஒரு கரண்டி மாவு. அதன் மேல் இன்னொரு வளையம், இன்னொரு துணி, இன்னொரு கரண்டி. கடைசியில் ஒரு பானையைக் கவிழ்த்து மூடிவிடுகிறார்கள். வெந்ததும் துணியோடு எடுத்துக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, துணியை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கிறார் அந்த அம்மா. இட்லி என்று வருவது தட்டையாக, வட்டமாக, ஊத்தப்பத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. மேலே துணியின் இழைத் தடம். தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்த பொடிதான் அதற்கு ஜோடி. சட்னியும் தருகிறார்கள், ஆனால் பொடியோடு சாப்பிட்டால்தான் புளிப்பும் புகை வாசமும் தெரிகிறது. பசியாறிவிட்டு மதியத்துக்கும் கட்டி வாங்கிக்கொண்டேன். வெயிலில் சுற்றியும் கெடவில்லை. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், தீர்ந்துபோனால் அடுத்த ஈடுக்குக் காத்திருக்க வேண்டும்.

அங்கிருந்து அதே பொள்ளாச்சிச் சாலையில் கொழிஞ்சாம்பாறை. வகுப்புத் தோழியின் வீடு அங்கேதான். பாலக்காட்டிலிருந்து கிழக்கே போகப் போக, கேரளம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம் கலைந்துவிடுகிறது. மழைக் காடு இல்லை, காயல் இல்லை. வறண்ட காற்று, தென்னந்தோப்பு, கரிசல் மண். கடைகளில் தமிழ்ப் பலகைகள், டீக்கடையில் தமிழ்ப் பத்திரிகை, பேச்சில் சுத்தமான கொங்குத் தமிழ். பாலக்காடு 1956 வரை சென்னையோடு சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது, இந்தச் சித்தூர்ப் பக்கமோ கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மாநிலக் கோடு அப்புறம் வந்தது, ஆட்கள் அதற்கு முன்பிருந்தே இருக்கிறார்கள்.

தோழியின் அப்பத்தா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கல்லையா கட்டிட்டு வந்த?" என்று கேட்டார். அப்புறம் வரிசையாகக் கேள்விகள். மலேசியாவில் தென்னை இருக்கிறதா, ஆள் கூலி எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருவார்களா. தென்னை உண்டு, ஆனால் பாமாயில் எடுக்கும் செம்பனைதான் அதிகம் என்றேன். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, ஆறாம் வகுப்பு வரை, அப்புறம் மலாய்மொழி இடைநிலைப் பள்ளி என்றதும் தோழியின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கேயும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு, பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சும் உண்டு. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி இந்த மாதிரிப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். "வர வேண்டும்" என்பதை அவர் அழுத்திச் சொன்ன விதத்திலேயே மற்றது விளங்கியது. எங்கள் ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது எனக்கு.

அவர்கள் வீட்டில் இரவு தங்கியபோதும் அதே சட்டம்தான். வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று நான் சொன்னதும், "எம்பொண்ணு மாதிரி வந்திருக்கிற, உனக்கு எதுக்கு ஃபார்ம்?" என்று தோழியின் அம்மா கேட்டார். தோழியின் அப்பாதான் போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதற்கான இணையதளத்தில் வீட்டு முகவரியைப் பதிந்து, பாஸ்போர்ட் படத்தை ஏற்றி முடித்தார். சாப்பாடு ஆறிப்போனது. அன்பாகக் கூப்பிடும் வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது.

விடியற்காலையில் அப்பத்தா எழுப்பிவிட்டார். சாலையில் கேன்கள் அடுக்கிய கள்ளு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு இந்தச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான். தோப்புக்குள் போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டேன். "கேட்டுட்டுப் போ அம்மணி, மரத்து மேல ஆளிருக்கும்" என்றார். கேட்டுவிட்டுப் போனேன்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்பட்ட பெரிய இடைவெளியில், ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாயில் இருக்கிறது பாலக்காடு. தமிழ்நாட்டுக் காற்று தடையில்லாமல் உள்ளே வரும். டிசம்பர், ஜனவரியில் உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்ட காற்று, மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் சூடு. மலேசிய வெயிலில் வளர்ந்தவள்தானே என்று இறுமாப்பாக இருக்க வேண்டாம், நம் ஊரில் வேர்த்துக் கொட்டும், இங்கே வேர்ப்பதே தெரியாமல் தலை சுற்றும். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, நடுப்பகலுக்கு ஏதாவது ஹோட்டலில் மட்டை அரிசிச் சாப்பாடு. மேசையில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்கள். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது. நிறத்தைப் பார்த்துப் பயப்படாமல் குடிக்கலாம், புட்டியிலும் நிரப்பிக்கொள்ளலாம்.

மலம்புழா அணைக்கும் போனேன். 1955இல் காமராஜர் திறந்துவைத்தது, அப்போது அது சென்னை மாநிலம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலையின் தலை மட்டும்தான் தெரியும். பக்கத்தில் தோணி அருவிக்கு வனத்துறை ஆட்களோடு மட்டுமே நடக்க விடுவார்கள். காட்டு யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் அதில் வாதாடிப் பயனில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குத் திரும்ப மறுபடி பாலக்காடு வர வேண்டியதில்லை. வேலந்தாவளம் வழியாக எல்லையைத் தாண்டிவிடலாம், தோழியின் அப்பா பஸ் ஏற்றிவிட்டார். அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எம்.ஜி.ஆர் வீட்டுக்குப் போனியா?" கொல்லங்கோடு பக்கம் வடவன்னூரில் அவர் குடும்பத்து வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு என்ன பாலக்காடு பார்த்தாய் என்று திட்டு விழுந்தது. அடுத்த பயணம் அங்கேதான், அப்படியே முதலமடை ஸ்டேஷன் ஆலமரங்களையும் பார்த்துவிட வேண்டும். மார்ச் பிறப்பதற்குள் போய் வந்துவிடலாம் என்று தோழியிடம் சொல்லியிருக்கிறேன்.